ஈரச் சாக்குக்குள் ஓர் உலை

ஆரம்பாக்கம் தமிழ்நாட்டின் வடகோடி. சென்னையிலிருந்து கூடூர் போகும் ரயில் பாதையில் கும்மிடிப்பூண்டி, எளாவூர் தாண்டினால் ஆரம்பாக்கம். அடுத்த நிலையம் தடா, அது ஆந்திரம். கடைவீதியில் தமிழில் தொடங்கிய பேச்சு தெலுங்கில் முடிந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஊருக்குத் தெற்கே கும்மிடிப்பூண்டி சிப்காட், கிழக்கே பழவேற்காடு ஏரி. தெற்கே போனால் பழைய இரும்பை உருக்கிக் கம்பியாக்கும் ஆலைகள் இருக்கின்றன. 1,500 டிகிரியைத் தொட்டால்தான் இரும்பு இளகிக் கொடுக்கும். கிழக்கே போனால் ஏரியில் பிடித்த சேற்று நண்டு, கொடுக்குகளைக் கயிற்றால் இறுக்கிக் கட்டி ஈரச் சாக்கில் போட்டிருப்பார்கள். தொட்டுப் பார்த்தால் சில்லென்று இருக்கும். தண்ணீரை விட்டு வந்து ஒரு நாள் ஆகியிருந்தாலும் கண்காம்பு அசையும், வாயோரத்தில் நுரை தள்ளும். அந்தக் குளிர்ந்த ஓட்டுக்குள்ளும் ஓர் உலை ஓடுகிறது.

இரண்டில் எது பெரிய வித்தை என்று கேட்டால் தயங்காமல் நண்டைத்தான் காட்டுவேன். பொருளை மாற்ற மனிதனுக்குத் தெரிந்த பழைய வழி சூடேற்றுவது. இளகாவிட்டால் இன்னும் சூடேற்றுவது. நண்டுக்கு அந்த வசதி கிடையாது. ஏரித் தண்ணீர் எந்தச் சூட்டில் இருக்கிறதோ அதே சூட்டில்தான் அது தின்றதை உடைக்கவும், உடைத்ததிலிருந்து தசையும் ஓடும் கட்டவும் வேண்டும். நமக்கும் 37 டிகிரிக்கு மேல் அனுமதி இல்லை, நாலைந்து டிகிரி ஏறினாலே உயிருக்கு ஆபத்து. இந்த நெருக்கடிக்குள் உயிர் செய்யும் வேலைக்கு வளர்சிதைமாற்றம் என்று பாடப்புத்தகம் பெயர் வைத்து, ஒரு வரைபடத்தையும் போட்டு, மனப்பாடம் செய்யச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறது. அதன் நயமெல்லாம் அந்த அம்புக்குறிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு கிடக்கிறது.

ஒரு கரண்டிச் சர்க்கரையை நெருப்பில் கொட்டினால் உருகி, கருகி, எரிந்து போகும். மிச்சம் கார்பன் டை ஆக்சைடு, நீராவி, வெப்பம். அதே சர்க்கரையை நாம் தின்றாலும் கடைசியில் வெளியே வருவது அதே கார்பன் டை ஆக்சைடு, அதே தண்ணீர், கூட்டிப் பார்த்தால் அதே அளவு ஆற்றல். 1780களில் பாரிஸில் லவாசியேவும் லாப்லாசும் ஒரு கினிப் பன்றியைப் பனிக்கட்டி சூழ்ந்த கலத்தில் வைத்தார்கள். எவ்வளவு பனி உருகியது, அது எவ்வளவு மூச்சு விட்டது என்று பார்த்து, மூச்சு விடுவதும் ஒருவகை எரிதல்தான் என்று சொன்னார்கள். தொடக்கமும் முடிவும் ஒன்றாக இருக்க, இரண்டுக்கும் நடுவில் எந்த வழியாகப் போகிறது என்பதில்தான் உயிரின் கைத்திறன் இருக்கிறது.

செல்லுக்குள் நுழைந்த குளுக்கோஸுக்கு நடக்கும் முதல் காரியமே அழகு. அதன் ஆறாவது கார்பனில் ஒரு பாஸ்பேட்டை ஒட்டிவிடுகிறார்கள். ஒட்டியதும் அதற்கு மின்னேற்றம் வந்துவிடுகிறது, செல்லின் சவ்வைத் தாண்டி இனி அது வெளியே போக முடியாது. ஒரே ஒட்டு, இரண்டு காரியம்: சரக்கும் உள்ளே பூட்டப்பட்டது, அடுத்த வேலைக்கும் அது தயாரானது. இந்தப் பாஸ்பேட்டுக்குச் செல் தன் கையிலிருந்து செலவு செய்கிறது, மூன்றாவது படியில் இன்னொன்றும் போடுகிறது. பத்துப் படிகள் முடியும்போது போட்ட இரண்டுக்கு நான்காகத் திரும்பி வரும். முதல் போடாமல் லாபம் பார்க்கும் வியாபாரம் செல்லுக்குள்ளும் இல்லை. ஏரிக்குப் போகிறவர் குடித்துவிட்டுப் போகும் பழையதின் நீரில் ராத்திரி முழுக்க வேலை பார்த்த பாக்டீரியாக்களில் பலவும், துடுப்புப் போடும் அவர் தோள்தசையும், அவர் பிடிக்கப் போகிற நண்டும் இதே பத்துப் படிகளில்தான் சர்க்கரையை இறக்குகின்றன. ஆக்சிஜன் காற்றில் நிறைவதற்கு முன்பே இருந்த பழைய வழி அது என்று கருதுகிறார்கள். அதற்குப் பிறகு உயிர்கள் எத்தனையோ வடிவம் எடுத்தும் இந்தப் பாதை பெரும்பாலும் அப்படியே நிற்கிறது.

ஒவ்வொரு படிக்கும் ஒரு நொதி. நொதி சூடேற்றுவதில்லை. தன் குழிக்குள் மூலக்கூறை வாங்கி, எந்தப் பிணைப்பு உடைய வேண்டுமோ அதைச் சரியான கோணத்தில் நெளித்துப் பிடிக்கிறது, அவ்வளவுதான். மரபுப் பொருளுக்கான ஒரு கூறைத் தயாரிக்கும் வழியில் ஒரு வினை வருகிறது. நொதி இல்லாமல் விட்டால் அதில் பாதி முடியவே சுமார் 7.8 கோடி ஆண்டுகள் ஆகும் என்று 1995-இல் அளந்து சொன்னார்கள். உரிய நொதி அதை ஒரு நொடியின் சிறு பின்னத்தில் முடித்துவிட்டு அடுத்ததைக் கூப்பிடுகிறது. உருக்காலைக்காரர் இந்தக் கணக்கைப் பார்த்தால் உலையை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவார்.

படிப்படியாக இறக்குவதால் என்ன லாபம்? மொத்தமாக வரும் ஆற்றலைப் பிடித்துவைக்க எந்தச் செல்லாலும் முடியாது. இரண்டாயிரம் ரூபாய் நோட்டை வைத்துக்கொண்டு டீக்கடையில் நின்ற கதைதான். செல்லுக்குச் சில்லறை வேண்டும், அந்தச் சில்லறையின் பெயர் ஏடிபி. ஓர் அடினோசின், அதில் வரிசையாக மூன்று பாஸ்பேட். கடைசி பாஸ்பேட் கழன்றால் ஒரு சின்ன வேலைக்குப் போதுமான ஆற்றல் கிடைக்கும். இதைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் சென்னையில் படித்தவர் என்பதைப் பள்ளிக்கூடத்தில் யாரும் எனக்குச் சொல்லவில்லை.

எல்லாப்ரகட சுப்பாராவ். 1895-இல் பீமவரத்தில் பிறந்தவர். மூன்றாம் முயற்சியில் மெட்ரிகுலேஷன் தேறியது திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில். பிறகு மாநிலக் கல்லூரி, சென்னை மருத்துவக் கல்லூரி. கோதாவரிப் பக்கத்திலிருந்து சென்னைக்கு ரயிலில் வந்தவர் ஆரம்பாக்கத்தைக் கடக்காமல் வந்திருக்க முடியாது. கதர் அங்கி போட்டுக்கொண்டு அறுவை சிகிச்சை வகுப்புக்குப் போய்ப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளானார், எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் அதற்குக் கீழான எல்.எம்.எஸ். பட்டம்தான் கிடைத்தது என்பார்கள். குடலில் உணவு சேராமல் உடம்பு கரைந்துபோகும் ஸ்ப்ரூ நோய்க்கு அவர் சகோதரர் இருவர் சில நாள் இடைவெளியில் பலியானார்கள். தின்றது உடம்பில் எப்படிச் சேர்கிறது என்பது அவருக்கு வெறும் பாடக் கேள்வியாக இருந்திருக்காது. பாஸ்டனுக்குப் போய், ஆஸ்பத்திரியில் இரவுநேர ஊழியராக எடுபிடி வேலை பார்த்துக்கொண்டே ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்க்கின் ஆய்வகத்தில் நுழைந்தார்.

அங்கே அவர் கையில் எடுத்த கருவி ஒரு நிறம். ஒரு கரைசலில் பாஸ்பேட் எவ்வளவு இருக்கிறது என்று காண, மாலிப்டேட் சேர்த்து நீல நிறம் வரவழைத்து, அந்த நீலத்தின் ஆழத்தை அளப்பது. 1925-இல் வெளியான இந்த ஃபிஸ்க் – சுப்பாராவ் முறை உயிர்வேதியியல் ஆய்வகங்களில் தலைமுறை தலைமுறையாகப் புழங்கியது. இனி வருவதுதான் எனக்கு இந்தக் கதையிலேயே பிடித்த இடம். தசையிலிருந்து எடுத்த சாற்றில் மட்டும் நீலம் ஏறத் தாமதமானது. மற்றக் கரைசல்களில் சட்டென்று வந்து நிற்கும் நிறம், தசைச் சாற்றில் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே இருந்தது. வேறு யாராவது இருந்தால் ரசாயனம் சுத்தமில்லை என்று கொட்டிவிட்டு வேறு எடுத்திருப்பார்கள். இவர்கள் அந்தத் தாமதத்தைப் பிடித்துக்கொண்டார்கள். பாஸ்பேட் எதனோடோ தளர்வாகக் கட்டுண்டு கிடக்கிறது, அமிலத்தில் அந்தக் கட்டு கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்கிறது, அவிழ அவிழ நீலம் ஏறுகிறது. கட்டியிருந்தது கிரியேட்டின். 1927-இல் பாஸ்போகிரியேட்டின் என்று அறிவித்தார்கள். ஓடத் தொடங்கும் முதல் சில நொடிகளுக்கு நம் கால்தசை நம்பியிருக்கும் இருப்பு அது. தசை சுருங்குவதற்கு லாக்டிக் அமிலமே காரணம் என்ற கருத்து அப்போது கொடிகட்டிப் பறந்தது, 1922-ஆம் ஆண்டின் மருத்துவ நோபலும் அந்த ஆராய்ச்சிகளுக்குத்தான் போயிருந்தது. ஒரு நீல நிறத்தின் சோம்பல் அந்தக் கொடியை இறக்கியது. 1929-இல் அதே ஆய்வகத்திலிருந்து ஏடிபி வந்தது. அதே ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் லோமனும் தனியாக அதைக் கண்டார். சுப்பாராவுக்கு ஹார்வர்டில் நிரந்தர இடம் கிடைக்கவில்லை. பின்னாளில் லெடர்லே நிறுவனத்தில் அவர் தலைமையில் இயங்கிய குழு ஃபோலிக் அமிலத்தைத் தயாரித்தது, ஸ்ப்ரூவுக்கு அது மருந்தாகவும் ஆனது.

சில்லறையை அச்சடிக்கும் இடத்துக்கு வருவோம். நடுவில் கிரெப்ஸ் சுழற்சி இருக்கிறது. அதைப் பாடப்புத்தகமே போதுமான அளவு சொல்லிவிடுகிறது. ஹான்ஸ் கிரெப்ஸ் அதைப் புறாவின் மார்புத் தசையை அரைத்துத்தான் 1937-இல் கண்டார், நேச்சர் இதழ் அந்தக் கட்டுரையை வாங்காமல் திருப்பியது, 1953-இல் நோபல் வந்தது என்பதோடு நகரலாம். அசல் விருந்து மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில். உணவிலிருந்து உரித்தெடுத்த எலெக்ட்ரான்கள் ஒன்றிடமிருந்து இன்னொன்றாகக் கைமாறிக் கீழே இறங்குகின்றன. அந்த இறக்கத்தில் கிடைக்கும் ஆற்றல் ஏடிபி செய்ய நேராகப் போவதில்லை. முதலில் புரோட்டான்களைச் சவ்வுக்கு அந்தப் பக்கம் தள்ளப் பயன்படுகிறது, தள்ளியவை திரும்பி வரத் துடிக்கும்போதுதான் வேலை வாங்கப்படுகிறது. 1961-இல் பீட்டர் மிட்செல் இதைச் சொன்னபோது நம்பியவர்கள் குறைவு. அவர் கார்ன்வாலில் ஒரு பாழடைந்த மாளிகையைப் பழுதுபார்த்து, பக்கத்தில் மாடு வளர்த்துக்கொண்டே சொந்த ஆய்வகம் நடத்தினார். 1978-இல் தனியாளாக நோபல் பரிசு வாங்கினார்.

அந்தச் சவ்வின் தடிமன் ஒரு மில்லிமீட்டரின் லட்சத்தில் ஒரு பங்கு கூட இல்லை. இரு பக்கத்துக்கும் உள்ள மின்னழுத்த வேறுபாடு சுமார் 150 மில்லிவோல்ட். சின்ன எண்தான், ஆனால் இவ்வளவு மெல்லிய சவ்வில் அது விழும்போது மீட்டருக்கு ஏறக்குறைய 3 கோடி வோல்ட் கணக்காகிறது. சாதாரணக் காற்று மீட்டருக்கு 30 லட்சம் வோல்ட்டிலேயே உடைந்து பொறி பறக்கவிடும். இவ்வளவு அழுத்தத்தைத் தாங்குவது வெறும் கொழுப்புப் படலம்! அதில் புரோட்டான்கள் திரும்பி வர ஒரே பெரிய வாசல், ஏடிபி சிந்தேஸ் என்னும் புரதம். புரோட்டான் நுழைய நுழைய அது சுழல்கிறது, உவமையாகச் சொல்லவில்லை, நிஜமாகவே அச்சில் சுழல்கிறது. ஒரு சுற்றுக்கு மூன்று ஏடிபி, நொடிக்கு நூறு சுற்றுக்கு மேல் போகும். 1997-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதன் அச்சில் ஒளிரும் இழை ஒன்றைக் கட்டி, ஏடிபி கொடுத்துத் திருப்பி ஓடவிட்டு, இழை சுற்றுவதை நுண்ணோக்கியில் கண்ணால் பார்த்தார்கள். உடம்பில் ஒரு நேரத்தில் இருக்கும் ஏடிபி ஐம்பது, நூறு கிராம்தான். ஆனால் ஒரு நாளில் அது திரும்பத் திரும்பச் செலவாகி, அச்சாகி, மொத்தக் கணக்கில் நம் உடல் எடையையே எட்டிவிடும். எடைக்கு எடை பார்த்தால் சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடம்பு சூரியனைவிட ஆயிரக்கணக்கான மடங்கு வெப்பம் வெளியிடுகிறது. சூரியனின் பெருமை அதன் பருமனில் இருக்கிறது, கிராம் கணக்குக்கு அது ரொம்ப மந்தம்.

இவ்வளவு சில்லறையும் எங்கே போகிறது? நண்டைக் கேட்கலாம். டென்மார்க்கின் ஆர்ஹூஸில் யென்ஸ் ஸ்கோ என்ற மருத்துவர், மரத்துப்போகச் செய்யும் ஊசிமருந்து நரம்பில் எப்படி வேலை செய்கிறது என்று தேடப் போனவர், கடைசியில் கரையோர நண்டின் கால்நரம்பில் வந்து நின்றார். மீனவர் ஒருவரிடம் சொல்லிவைத்து நண்டுகளை வரவழைத்து, காலைப் பிளந்து நரம்பை உருவி எடுத்தார். அதில் ஒரு நொதி இருந்தது. சோடியமும் பொட்டாசியமும் இரண்டும் சேர்ந்து இருந்தால்தான் அது முழு வேகத்தில் ஏடிபியை உடைத்தது. 1957-இல் வெளியிட்டார். ஒரு ஏடிபிக்கு மூன்று சோடியம் வெளியே, இரண்டு பொட்டாசியம் உள்ளே என்று கணக்குப் பின்னால் தெரியவந்தது. நாம் ஒரு விரலையும் அசைக்காமல் படுத்திருக்கும்போது செலவாகும் ஆற்றலில் ஏறக்குறைய கால் பங்கை இந்தப் பம்பு தின்கிறது. 1997-ஆம் ஆண்டு வேதியியல் நோபலைப் பங்கிட்ட விதம் ரசிக்கத்தக்கது. ஏடிபி எப்படி உண்டாகிறது என்று சொன்ன பாயருக்கும் வாக்கருக்கும் சேர்த்து ஒரு பாதி, அதைச் செலவழிக்கும் பம்பைக் கண்ட ஸ்கோவுக்கு மறுபாதி. வரவும் செலவும் ஒரே மேடையில்.

பழவேற்காட்டில் இந்தப் பம்புக்கு ஓய்வே கிடையாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆரணியாறும் காளங்கியும் கொண்டுவந்து கொட்டும் தண்ணீரில் ஏரி நன்னீர் போலாகிவிடும். அதே ஏரி சித்திரை, வைகாசியில் வற்றிக் கடலைவிடக் கரிக்கும். உள்ளே வாழ்கிற உயிருக்கு ரத்தத்தின் உப்பு பெரிதாக மாறக் கூடாது. மழைக்காலத்தில் நண்டு தன் பின்பக்கச் செவுள்களால் தண்ணீரில் கிடக்கும் கொஞ்ச உப்பையும் துழாவி உள்ளே இழுத்துக்கொள்கிறது. கோடையில் மடவை மீன் உப்புத் தண்ணீரைக் குடித்து, தண்ணீரை வைத்துக்கொண்டு, உப்பைச் செவுள் வழியே வெளியே தள்ளுகிறது. இழுப்பதும் தள்ளுவதும் அதே ஸ்கோ பம்பின் தயவில். மடவைக் குழம்பு ஏன் கரிப்பதில்லை என்று யாரும் கேட்பதில்லை. அவ்வளவு உப்பில் கிடந்த மீனுக்கும் நாம் தனியாக உப்புப் போட்டுத்தான் ஆக வேண்டியிருக்கிறது.

எலெக்ட்ரான் இறங்கி வரும் ஏணியின் அடியில் நின்று வாங்கிக்கொள்வது ஆக்சிஜன். அது கையை எடுத்துவிட்டால் மேலே இருக்கும் அத்தனை படியும் அடைத்துக்கொள்ளும். இதை உயிர்வேதியியல் படிக்காமலேயே கரைத்துக் குடித்தவர்கள் இந்தப் பக்கத்து இறால் பண்ணைக்காரர்கள். பகலில் குளத்துப் பாசி வெயிலில் ஆக்சிஜனைக் கொடுக்கிறது. பொழுது சாய்ந்ததும் கொடுத்த கையே வாங்கத் தொடங்குகிறது, பாசியும் இறாலும் அடிச்சேற்றுப் பாக்டீரியாவும் ஒரே பானையில் கைவிடுகின்றன. விடியலுக்குச் சற்று முன்புதான் அளவு அடிமட்டத்துக்கு வரும். அதனால்தான் ராத்திரி முழுக்க ஏரேட்டர் சக்கரங்கள் தண்ணீரை அடித்துக்கொண்டே இருக்கின்றன, ஜெனரேட்டருக்கு டீசல் தயாராக நிற்கிறது. “கரண்டு போய் அரை மணி ஆச்சுன்னா இறா மேல வந்து மெதக்கும்ண்ணே, அப்புறம் ஒண்ணும் செய்ய முடியாது” என்பது அங்கே சர்வசாதாரணப் பேச்சு. தோல் உரித்துக் குழைந்து கிடக்கும் இறாலுக்கு ஆக்சிஜன் இன்னும் கூடுதலாக வேண்டும் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

அவர்கள் வாயில் இன்னொரு எழுத்துக் கூட்டும் புழங்கும்: எஃப்.சி.ஆர். ஒரு கிலோ இறாலுக்கு எத்தனை கிலோ தீவனம் போனது என்ற கணக்கு. ஒன்றரைக்குள் இருந்தால் பரவாயில்லை. கொஞ்சம் உற்றுப் பார்த்தால் இந்த எண் வேறொன்றும் சொல்கிறது. தீவனம் காய்ந்த சரக்கு, இறாலில் முக்கால் பங்கு தண்ணீர். அதாவது ஒன்றரைக் கிலோ காய்ந்த தீவனத்தில் இறாலின் உடம்பாக நின்றது கால் கிலோ மட்டுமே. தின்னாமல் கரைந்ததும் கழிவும் போக, மற்றதெல்லாம் நீந்தவும், உப்பை நிதானத்தில் வைக்கவும், பழைய ஓட்டைக் கழற்றிப் புதியதைக் கட்டவும் எரிந்துபோயிற்று. பண்ணைக்காரர் இதை நஷ்டம் என்பார். இறாலைக் கேட்டால் அதுதான் வாழ்ந்த கணக்கு என்னும்.

எரிந்தது எங்கே போகிறது என்பதில் நமக்கே தெளிவில்லை. விடிகாலையில் ஜி.என்.டி. சாலையோரம் வேர்க்க விறுவிறுக்க நடப்பவர்கள் கொழுப்பு வேர்வையாகக் கரைந்து வழிகிறது என்றே நம்புகிறார்கள். பத்துக் கிலோ கொழுப்பு முழுதும் எரிந்தால் 8.4 கிலோ கார்பன் டை ஆக்சைடாக மூச்சில் போகிறது, மிச்சம் 1.6 கிலோதான் தண்ணீர் என்று 2014-இல் ஆஸ்திரேலியர் இருவர் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். இளைப்பது என்பது பெரும்பாலும் மூக்கு வழியாக.

மூச்சில் போன கார்பன் காற்றில் கலந்து, ஏரித் தண்ணீரில் கரைந்து, பாசிக்குள் மறுபடி சர்க்கரையாகிறது. பாசி அதிலிருந்து கொஞ்சம் எடுத்து, வெயிலின் கேட்டிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ளக் கரோட்டினாய்டு நிறமிகளையும் செய்துகொள்கிறது. எந்தப் பறவைக்கும் அதை அடியிலிருந்து செய்யத் தெரியாது. கூனியும் சிற்றுயிர்களும் பாசியைத் தின்று நிறமியைச் சேர்த்துவைக்கின்றன. இறாலின் ஓட்டில் அது புரதத்தோடு கட்டுண்டு சாம்பல் நீலமாகக் கிடக்கும், சட்டியில் சூடேறிப் புரதம் நெகிழ்ந்ததும் அதன் சொந்தச் சிவப்பு வெளியே வரும். குளிர்காலத்தில் பழவேற்காட்டுக்கு வரும் பூநாரை சட்டி இல்லாமலே இந்தக் காரியத்தைச் செய்துகொள்கிறது. தலைகீழாகக் கவிழ்த்த அலகால் சேற்றுத் தண்ணீரை வடிகட்டித் தின்று, கிடைத்த நிறமியை வயிற்றில் பிரித்து, கல்லீரலில் அங்கங்கே ஓர் ஆக்சிஜனைச் சேர்த்துத் திருத்தி, கொழுப்போடு ரத்தத்தில் ஏற்றி, முளைக்கும் இறகின் வேருக்கு அனுப்புகிறது. சிறகை விரிக்கும்போது தெரியும் அந்த ரோஜாச் சிவப்பு இப்படி வந்ததுதான். குஞ்சுக்குத் தொண்டையில் சுரக்கும் பால் ஊட்டும் காலத்தில் தாயும் தந்தையும் அந்த நிறத்தைப் பாலிலேயே இறக்கிக் கொடுத்துவிட்டு வெளுத்துப்போகும். உயிரியல் பூங்காக்களில் பூநாரைத் தீவனத்தில் நிறமியைத் தனியாகக் கலந்தே வைக்கிறார்கள். கலக்காவிட்டால் அடுத்த இறகு முளைக்கும்போது பறவை வெள்ளையாக நிற்கும்.